பளபளப்பு வேண்டாம்

அத்தியாயம் ஒன்பது

தரை ஓரத்துப் பீடிங் சட்டத்தில் கடைசி ஆணியை அடித்துவிட்டு இத்ரீஸ் எழுந்து நின்றான். தரையைப் பார்த்தான். தரையும் அவனைப் பார்த்தது. அவ்வளவு பளபளப்பு. மீசையில் ஒட்டியிருந்த மரத்தூள்கூட அதில் தெரிந்தது.

"எப்டி கீது ஞானதாஸு?"

கடையில் லோடு இறக்கும் ஞானதாஸ் அறை வாசலோடு நின்றுகொண்டார். "உள்ள கால வெக்கவே பயமா கீது பாய். கல்யாண மண்டபம் மாதிரி கீது."

"பத்தொம்பது எம்.எம். மரைன் பிளை. மேல ஒட்டினது கடையிலயே நல்ல மைக்கா. மட்டம் பாத்து சிமென்ட்டுத் தரையோட சேத்து முறுக்கியிருக்கேன். யானை ஏறினாலும் அசையாது."

"யானை எதுக்கு பாய் மாடிக்கு வருது?"

இத்ரீஸ் சுத்தியலைப் பைக்குள் போட்டான். தரை யாருக்கு என்று சொல்ல முடியாது. குடோன் ஜன்னல் இடுக்கில் போன வாரம் அவன் கண்டது இன்னும் அவன் வயிற்றுக்குள்தான் இருந்தது.

அதை மறந்தவர்களுக்காக நாலு வரி. செங்கல்பட்டு ராட்டிணக்கிணறு பக்கத்தில் இத்ரீஸின் பிளைவுட் கடை. கடைக்குப் பின்னால் குடோன், அதை ஒட்டி வீடு. அடுக்கி வைத்த பலகைகளில் மேல் பலகை மட்டும் வட்ட வட்டமாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்து, ஞானதாஸ்தான் மதியத்தில் ஏறிப் படுக்கிறார் என்று அவரைத் திட்டித் தீர்த்தான். மறுநாள் மதியம் கடையை மூடிவிட்டுப் பதுங்கிப் பார்த்தான். குடோன் வாசலில் அவன் அம்மா அமீனா பீவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

பலகை மேல் நின்றது அவன் மனைவி அர்வா. பாதத்தில் காலுறை. ஒரு கை இரும்பு ராக்கின் குழாயில். குதிகால்கள் ஒட்டி, விரல்கள் இரண்டு பக்கமும் விரிந்து. முட்டியை மெல்ல மடக்கினாள், மெல்ல நிமிர்ந்தாள். ஒரு காலை விசிறி விரிப்பதுபோலப் பக்கவாட்டில் தூக்கி, பீங்கான் தட்டை வைக்கிற பதத்தில் கீழே வைத்தாள்.

அர்வா பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலேயே பாலே நடனம் கற்றுக்கொண்டவள். கணுக்கால் பிசகி நின்றுபோனது என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவளும் மறுபடி சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

அவள் ஆடியதில் இத்ரீஸுக்கு வருத்தமில்லை. கடைச் சாவி கிடக்கும் இடம்வரை சொல்கிறவள் இதை ஏன் மறைத்தாள் என்பதுதான் ஒரு வாரமாக அவனை அரித்தது. கேட்டுவிடலாம். கேட்டால் ஒளிந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதனால் வாயால் கேட்பதற்குப் பதில் பலகையால் கேட்கலாம் என்று முடிவு செய்தான். அர்வா, மகள் ஸமீராவை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் தன் அக்கா வீட்டுக்கு நேற்றுப் போனாள். அவள் பஸ் ஏறியதும் மொட்டைமாடி அறையைக் காலி செய்துவிட்டான்.

படியில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். அமீனா பீவி இடுப்பில் பீரோ சாவி, அரிசி டிரம் சாவி, என்றோ விற்ற வீட்டின் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருக்கும். முட்டி வலி என்று மாடிப்பக்கமே வராதவள் இன்று முனகாமல் ஏறி வந்து நின்றாள்.

"இன்னாடா இது, கண்ணாடிக் கட? காலைலேர்ந்து டிரில்லு போட்டுக்கினு கீற, கீழ என் கட்டில் ஆடுது."

"சாம்பிள் ரூமும்மா. கஸ்டமருக்குக் காட்டறதுக்கு."

"கஸ்டமரு மொட்டமாடிக்கு வருவானா?" அவள் பார்வை சுவரில் குறுக்காகப் பதித்திருந்த எவர்சில்வர் பிடிகுழாய்க்குப் போனது. "இந்தக் கம்பி ஒசரமா கீதே. கொஞ்சம் எறக்கி இன்னொண்ணு போடேன்."

"உனக்கா போட்டேன்?"

"துணி காயப்போடறதுக்குச் சொன்னேன்டா" என்று சொல்லிவிட்டு வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள்.

ஞானதாஸ் கிளம்பும்போது இத்ரீஸ் அவர் தோளைத் தொட்டான். "அன்னிக்குப் பலகை விஷயத்துல உன்ன திட்டினது தப்புப்பா. மனசுல வெச்சிக்காத."

"அத அன்னிக்கே விட்டுட்டேன் பாய். சாக்ஸ் போட்டுக்கினு நான் எங்க ஏறிப் படுத்தேன்?" என்று ஞானதாஸ் சிரித்தார்.

இத்ரீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இவருக்கும் தெரியும். தெரியாதவன் தான் ஒருவன்தானா?

*

மதியம் அர்வா வந்தாள். ஸமீரா பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாளாம், மறுநாள் காலையில் பெரியப்பா நேராகப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுவாராம். பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் இத்ரீஸ் அவளை மாடிக்கு அழைத்துப் போனான். பின்னாலேயே சாவிக்கொத்தும் வந்தது.

அர்வா தரையைப் பார்க்கவில்லை. நேராகக் குழாயிடம் போனாள். கையை வைத்தாள். முழங்கை தானாக ஒரு வளைவுக்கு வந்து நின்றது.

"யார் அளந்தா மச்சான்?"

"கண்ணளவுதான்."

"எங்கேருந்து பாத்த கண்ணு?"

இத்ரீஸ் குழாயில் இல்லாத தூசியைத் துடைத்தான். அர்வா குனிந்து சிரித்ததை அவன் பார்த்தான். ஒரு வாரச் சுமை பாதி இறங்கியது.

அவள் கைப்பையைத் திறந்து சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடி எடுத்தாள்.

"அக்கா வூட்டுக்குமா இத எடுத்துக்கினு போன?"

"அங்கயும் பாத்ரூமுக்குக் கதவு கீதே. ஒரு நாள் விட்டாலும் கணுக்கால் மொறச்சிக்கும். கொழந்த மாதிரி, தெனமும் கொஞ்சணும்."

காலுறையை மாட்டிக்கொண்டாள். குதிகால்களை ஒட்டினாள். மூச்சை இழுத்து மெல்ல விரல் நுனிக்கு எழுந்தாள்.

அடுத்த கணம் இடது பாதம் எண்ணெயில் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போனது. உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். குழாயில் தொங்கிவிட்டாள். குழாய் மட்டும் இத்ரீஸின் திருகாணிக்கு மரியாதை செய்து அசையாமல் நின்றது.

"யா அல்லாஹ்! எடது காலா? அதே காலா?" என்று அமீனா பீவி அலறினாள்.

அர்வா உட்கார்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மாமி. தப்பிச்சிட்டுது."

எழுந்தாள். தரையை ஒரு முறை கையால் தடவினாள். "நல்லாருக்கு மச்சான்" என்றாள்.

இருபது வருஷமாகக் கடையில் நிற்கிறவன் இத்ரீஸ். இந்தக் குரலில் 'நல்லாருக்கு' என்று சொன்ன எவரும் திரும்பி வந்ததில்லை.

"உண்மையச் சொல்லு அர்வா."

"இன்னா சொல்றது? ஒரு வருஷமா இந்தக் கால கெஞ்சிக் கூத்தாடி வழிக்குக் கொண்டாந்தேன். குதிக்கறதில்ல, சுத்தறதில்ல. நிக்கறேன், மடக்கறேன், நிமுர்றேன், அவ்ளோதான். இன்னொரு தடவ பிசகினா நடக்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு அதான் பயம்." காலுறையைக் கழற்றிச் சுருட்டினாள். "போதும் மச்சான். குடோனும் வேணாம், இதுவும் வேணாம். இதோட நிறுத்திக்கறேன். வாங்க, சாப்புடலாம்."

அவள் படி இறங்கிப் போனாள். அமீனா பீவி மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யானைக்குத் தரை போட்டான், மனுசிக்குப் போடல" என்று சொல்லிவிட்டு அவளும் இறங்கினாள்.

*

இத்ரீஸ் சாப்பிட உட்காரவில்லை. மைக்காவில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இதற்குமேல் நல்ல சரக்கு செங்கல்பட்டில் கிடையாது. பிறகு எது தப்பு?

அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே பொங்கல் சமயம் மாமல்லபுரத்தில் சாராள் அம்மாவின் விடுதி மாடிக்குப் பலகை கொண்டுபோய் இறக்கினான். குளிர்காலத்தில் வந்து தங்கும் வெள்ளைக்காரம்மா ஒருத்தி அங்கே ஏதோ ஆட்டம் சொல்லித் தருகிறாள் என்றார்கள். இவன் பளபளா மைக்கா காட்டினான். அவள் தலையை ஆட்டி, பலகையின் சொரசொரப்பான அடிப்பக்கத்தைத் தடவி, 'இது மேலே வரட்டும்' என்றாள். அதோடு விட்டாளா? பலகைக்கு அடியில் ரப்பர் வேண்டுமாம், அதை அவர்களே வைத்துக்கொள்வார்களாம்.

அன்று சாப்பாட்டில் இதை நடித்துக்காட்டி வீட்டையே சிரிக்க வைத்தான். 'நல்ல பலகைய தலகீழாப் போட்டு ஆடுறாளுங்கம்மா, பைத்தியக்காரிங்க!' அம்மா சிரித்தாள். ஸமீராவுக்குப் புரை ஏறியது. அர்வா?

அர்வா சிரித்தாளா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பைக்கை எடுத்தான். திருக்கழுக்குன்றம் மலை ஒரு பக்கமாக வந்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடி, பின்னால் போனது. அதைத் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. ஒத்தவாடைத் தெருவில் அவன் வண்டியை நிறுத்தும்போது சாராள் வாசலில் நின்று மீன்காரியோடு வஞ்சிரத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பளபளா பாய்! இன்னா இந்தப் பக்கம்? இன்னும் அந்த மைக்காவ விக்கலியா?"

"உங்க மாடியக் கொஞ்சம் பாக்கணும் சாராளம்மா."

"போன வருசம் சிரிச்சிட்டுப் போனீங்க, இந்த வருசம் பாக்கணுமா? போங்க போங்க, யாரும் இல்ல."

மாடியில் கீற்றுக் கொட்டகை. அதன் கீழே இவன் கடைப் பலகைகள், அடிப்பக்கத்தில் குத்தும் கடைச் சிவப்பு முத்திரை மேலே தெரிய. இத்ரீஸ் மண்டியிட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பழைய லாரி டியூப்பை வெட்டிய துண்டுகள். அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய சட்டங்கள். அவற்றின் மேல்தான் பலகை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றான். பலகை ஒரு நூல் அளவு இறங்கி, அவனைத் தாங்கிக்கொண்டது. சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. லேசாகக் குதித்தான்.

விழுந்த பாரத்தைப் பலகை வாங்கி, பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தது. முட்டியில் அடியே இல்லை. இன்னொரு முறை குதித்தான். மூன்றாம் முறை குதிக்கும்போது சாராள் படியேறி வந்துவிட்டாள்.

"ஆடுங்க, ஆடுங்க. வகுப்புல சேத்துக்கறேன்."

இத்ரீஸ் அவசரமாக இறங்கினான். மூலையில் தட்டு ஒன்றில் மஞ்சளாகத் தூள் இருந்தது. "இது இன்னாது?"

"குங்கிலியம். கரையில படகு ஓட்டைய அடைக்க எண்ணெயில காய்ச்சறாங்களே, அதான். அந்தம்மா அவங்க ஊர்லேர்ந்து ஒரு பிசின் கட்டி கொண்டாரும், அது தீந்துபோச்சி. இத இடிச்சிக் குடுத்தேன். இதுவும் நல்லா புடிக்குதாம். பாதத்த இதுல ஒத்திக்கினு நின்னா வழுக்காது." சாராள் பலகை ஓரத்தில் உட்கார்ந்தாள். "அதெல்லாம் உங்க வூட்டம்மா கேட்டுக்கினு போயிட்டாங்களே, சொல்லலியா?"

"யாரு?"

"உங்க சம்சாரம்தான். போன மாசம் ஒரு வெள்ளிக்கெழம வந்தாங்க. 'எங்க வீட்டுக்காரர் குடுத்த தலைகீழ்ப் பலகை இதானா'ன்னு கேட்டாங்க. தடவிக்கினே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடிச்சி."

இத்ரீஸ் கடலைப் பார்த்தான்.

"நீங்க பைத்தியக்காரிங்கனு சொன்னீங்களாமே பாய்?" சாராள் சிரித்தாள். கொஞ்சம் கழித்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அர்வா மறைத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதை அவனே சோற்றுத் தட்டுக்கு முன்னால் நடித்துக் காட்டியிருக்கிறான்.

"அடுத்த மாசம் ஒரு வகுப்பு கீது" என்றாள் சாராள். "விட்டுட்டு மறுபடி மெதுவா ஆரம்பிக்கற பொம்பளைங்களுக்கு மட்டும். கொட்டாயச் சுத்தி மறைப்பு கட்டிடுவேன். எடம் கீதான்னு உங்க வூட்டம்மா கேட்டாங்க. நாளைக்குள்ள சொல்லச் சொல்லுங்க. ரெண்டு எடம் புடிச்சி வெச்சிருக்கேன்."

"ரெண்டா?"

"ரெண்டு பேருன்னுதான் கேட்டாங்க. இன்னொருத்தர் யாருன்னு நான் கேக்கல. நமக்கெதுக்கு?"

*

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்துப் பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப்களை அள்ளி வண்டியில் கட்டினான். இன்னொருத்தர் யார்? ஸமீராவா? அவளுக்குப் பள்ளிக்கூடம். அக்காவா? அவள் வாசலுக்கு வரவே ஆட்டோ கேட்பவள். வண்டி செங்கல்பட்டுக்குள் நுழையும்வரை அந்தக் கேள்வியும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமல்லபுரத்தில் வாங்கிய காகிதப் பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினான். "இத நைஸா இடிச்சிக் குடு."

அமீனா பீவி மோந்து பார்த்தாள். "குங்கிலியமா? கொண்டா." எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஊர் விஷயம் அத்தனையும் கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை.

மாடியில் பீடிங்கை நெம்பும் சத்தம் கேட்டு அர்வா ஏறி வந்தாள். இத்ரீஸ் மண்டியிட்டு, காலையில் யானைக்காக முறுக்கிய திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான் பண்றீங்க? அவ்ளோ நல்ல சரக்க!"

"சாராளம்மா மாடிக்குப் போனேன்."

அவள் வாசலிலேயே நின்றாள்.

"அன்னிக்கு நான் பைத்தியக்காரிங்கன்னு சொன்னப்ப, நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன்" என்றாள் அர்வா. "எல்லாரும் சிரிச்சாங்களே, நான் மட்டும் எப்டி சும்மா இருக்கறது?"

இத்ரீஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ஆனா அன்னிக்குத்தான் மச்சான் எனக்கு உசுரு வந்துது. இவ்ளோ வருஷமா இந்தப் பக்கத்துல அப்டி ஒரு தரை இருக்கும்னே நான் நெனக்கல. நீங்க கேலியா சொன்னீங்க, எனக்கு அது நல்ல சேதி. மறுநாளே குடோன்ல ஏறிட்டேன். உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க சாப்பாட்டுல அத மறுபடி நடிச்சிக் காட்டிடுவீங்களோன்னு பயம்."

"நடிச்சிருப்பேன்" என்றான் இத்ரீஸ். ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "இந்த முனைய புடி."

இருவருமாகப் பலகையைப் புரட்டினார்கள். மைக்கா அடியில் போனது. சிவப்பு முத்திரை மேலே வந்தது. டியூப்பை வெட்டி, சட்டம் பரப்பி, பலகையை அதன் மேல் படுக்க வைத்தார்கள். அமீனா பீவி இடித்த தூளைத் தட்டோடு கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

அர்வா காலுறையை மாட்டினாள். பாதத்தைத் தூளில் ஒத்தினாள். பலகையில் ஏறி, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடனே எதுவும் செய்யவில்லை. குளத்தில் இறங்கும் முன் தண்ணீரைக் காலால் கேட்பதுபோல், குதிகாலை வைத்து வைத்துப் பலகையைக் கேட்டாள்.

பிறகு முட்டியை மடக்கினாள். நிமிர்ந்தாள். விரல் நுனிக்கு எழுந்தாள். இடது கணுக்கால் நடுங்கியது. இத்ரீஸ் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வந்தான்.

"வராதீங்க மச்சான்."

நின்றான். நடுக்கம் தணிந்தது. அர்வாவின் கை மெல்லக் குழாயை விட்டது. இரண்டு கையும் காற்றில், எதையும் பிடிக்காமல் நின்றாள். அவன் முன்னால், அவன் பார்க்கிறான் என்று தெரிந்தே.

குதிகால் சத்தமில்லாமல் இறங்கியது.

"இது நல்லாருக்கு" என்றாள். இது வேறு குரல். இத்ரீஸுக்கு வித்தியாசம் தெரியும்.

"ரெண்டு பேரும் கீழ போயி டீ குடிங்க" என்றாள் அமீனா பீவி. "நான் இந்தத் தூளப் பெருக்கிட்டு வரேன்."

சமையலறையில் அர்வா கண்ணாடித் தம்ளரில் டீயை ஊற்றினாள். இத்ரீஸ் அதைத் தொடவில்லை.

"நாளைக்குள்ள சொல்லணுமாம் வகுப்புக்கு. நீ போற. வகுப்பு அன்னிக்கு நானே கொண்டுபோய் விடறேன். அது இருக்கட்டும், ரெண்டு பேருக்கு எடம் கேட்டியாமே. யாரு அந்த இன்னொருத்தர்?"

அர்வா சர்க்கரை டப்பாவை மூடுவதில் மும்முரமாக இருந்தாள்.

மேலே பலகை 'தொம்' என்றது.

இத்ரீஸ் தலையைத் தூக்கினான். சற்றுப் பொறுத்து இன்னொரு 'தொம்'. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாவிக்கொத்து கலகலவென்று குலுங்கி, யாரோ கையால் பொத்திக்கொண்டதுபோல் சட்டென்று நின்றது.

"அம்மா முட்டி வலின்னுச்சே!" என்றான்.

"டீ ஆறிடப் போவுது" என்றாள் அர்வா. "குடிங்க மச்சான். குடிச்சிட்டு, அந்த மாதிரி கம்பி இன்னொண்ணு, கொஞ்சம் எறக்கி மாட்டுங்க."